ஒரு ஜேட் வாங்கினால் போதும்

கேள்வி: இணையத்தில் "ஜேட் செடி" என்று 349 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் இலை கட்டைவிரல் அகலத்துக்கு, ஓரம் சிவந்து அழகாக இருந்தது. வந்ததோ சுண்டுவிரல் நகம் அளவு இலை. போகட்டும் என்று பத்து இலைகளைக் கிள்ளி மண்மேல் வைத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இலை முளைக்காததில் உங்கள் கைமேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. படத்தில் நீங்கள் பார்த்தது கிராசுலா ஓவாட்டா: தடித்த பெரிய இலை, நல்ல வெயில் பட்டால் ஓரம் சிவக்கும். உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது, நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால், போர்ச்சுலகேரியா ஆஃப்ரா: சின்ன வட்ட இலை, செம்பழுப்புத் தண்டு, பக்கவாட்டில் படர்கிற கிளை. இரண்டுக்கும் தாய்வீடு தென்னாப்பிரிக்கப் பக்கம்தான், ஆனால் குடும்பம் வேறு. போர்ச்சுலகேரியாவை அங்கே யானைகள் விரும்பித் தின்னும். நம் நர்சரிகளில் வெறுமனே "ஜேட்" என்று கேட்டால் பெரும்பாலும் இந்தச் சின்ன இலைச் செடியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கிராசுலாவின் இலையை அடியோடு முழுசாகத் திருகி எடுத்து மண்மேல் கிடத்தினால், சில வாரங்களில் காம்புப் பக்கம் நூல் மாதிரி வேர் வரும். பிறகு குட்டிச் செடி எட்டிப் பார்க்கும். போர்ச்சுலகேரியா இலை அப்படியில்லை. சில சமயம் வேர்விடும், ஆனால் குருத்து வருவது அபூர்வம். அதற்குக் கிளைதான் வேண்டும். நான்கு அங்குலக் கிளையை ஒடித்து வையுங்கள், எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நம் வடசென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உங்களுக்கு வந்த செடிதான் அதிகம் தாங்கும். அதற்காக விற்றவரை விட்டுவிடச் சொல்லவில்லை. காட்டிய படத்துக்கும் கொடுத்த பொருளுக்கும் சம்பந்தமில்லை என்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டியது அவர் கடமை. விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதற்கும் மசியாதவர்மேல் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 349 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. உதவி எண் வரை போனாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஜேட் கிளையை மூன்று முறை நட்டுவிட்டேன். மூன்று முறையும் அடி கறுத்து, கொழகொழவென்று அழுகிப்போனது. தினமும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். மண்ணுக்குக் கடற்கரை மணலைத்தான் கலந்தேன், வீட்டுக்கு எதிரிலேயே கிடக்கிறதே என்று. கடையில் "ஜேட் மண் கலவை" என்று கிலோக் கணக்கில் விற்கிறார்கள், அதை வாங்கட்டுமா?
வாசகர், காசிமேடு

பதில்: வாங்காதீர்கள் தம்பி. அழுகியதற்குக் காரணம் மூன்று: நட்ட அவசரம், தினத் தண்ணீர், அந்த மணல்.

முருங்கைப் போத்து நடும்போது மேல்நுனியில் சாணி அப்புவோம், உள்ளே இருக்கிற ஈரம் போய்விடக் கூடாது என்று. ஜேட்டுக்குக் கவலை நேர் எதிர். இலையிலும் தண்டிலும் அதுவே தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறது. வெட்டுவாய் ஈரமாக மண்ணுக்குள் போனால் பூஞ்சை நேராக உள்ளே நுழையும். அதனால் நான்கு அங்குலக் கிளையை ஒடித்ததும் கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிட்டு, நிழலில், காற்றுப்படும் இடத்தில் நான்கைந்து நாள் சும்மா போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியிருக்க வேண்டும். இலை கொஞ்சம் சுருங்கினாலும் பதறாதீர்கள், அந்தச் சுருக்கம் அதை வேர்விடத் தூண்டும்.

காய்ந்த பிறகு லேசான ஈரமுள்ள மண்ணில் இரண்டு அங்குலம் ஊன்றி, ஒரு வாரம் தண்ணீரையே காட்டாதீர்கள். அதன் பிறகும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நுனியில் புது இலை தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிப் பார்த்தே நான் கொன்ற கிளைகள் உண்டு.

கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. நாலு தண்ணீர் கழுவினாலும் எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது. தவிர அது பொடி மணல், ஈரம் பட்டால் இறுகிவிடும். வேருக்கு வேண்டியது தண்ணீர் வழிந்தோடுகிற, காற்றுப் புகுகிற மண். வீடு கட்டுகிற இடத்தில் ஒரு சட்டி எம் சாண்ட் கேட்டு வாங்கிச் சலித்து, தூசியைக் கொட்டிவிட்டுக் குருணையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு, மேலே ஒரு கை மக்கிய எரு. இதுதான் அந்தக் "கலவை". நர்சரிகள் தேங்காய் நார்த்தூளில் வைத்து விற்பது, தூக்கிப்போக லேசாக இருக்கிறது என்பதற்காக. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கடலோரப் புழுக்கத்தில், ஜேட்டை அதிலேயே விட்டுவைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகல்தான். தொட்டியில் செலவு செய்வதானால் அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டிக்குச் செய்யுங்கள். கொசப்பேட்டையில் குயவர்களிடமே பார்த்து எடுக்கலாம்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த மாடியில் நடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். அக்னி நட்சத்திரத்தில் புதுக் கன்றுக்கு உச்சி வெயில் ஆகாது, காலை வெயில் போதும்.

கேள்வி: வேர்விடும் பவுடர் அவசியமா?
வாசகர், வியாசர்பாடி

பதில்: ஜேட்டுக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு மண்தொட்டி வாங்குங்கள். ஜேட் "விதை" என்று பொட்டலத்தில் விற்பதையும் தொடாதீர்கள். கிளையில் வருகிற செடிக்கு விதை தேடத் தேவையில்லை.

கேள்வி: பெரம்பூரில் ஒரு கடையில் "இரவிலும் ஆக்ஸிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள், பணமும் சேரும்" என்று சொல்லிப் பெரிய ஜேட் தொட்டி ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். நம்பலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: பணம் சேரும் என்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆக்ஸிஜன் கதைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். ஜேட் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும் என்பது உண்மை. பகல் வெயிலில் துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், வறண்ட நிலத்துச் செடி கற்றுக்கொண்ட சிக்கனம் அது. கிராசுலா குடும்பத்தின் பெயரையே அறிவியல் அந்த முறைக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஆக்ஸிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் அதைத் தயாரிக்காது. வெளிச்சமில்லாத படுக்கையறையில் வைத்தால் ஜேட்டே நெடுநெடுவென்று வெளுத்து வளர்ந்து சாய்ந்துவிடும். கிழக்கு ஜன்னல்தான் அதற்கு இடம்.

பெரிய தொட்டி வாங்கும்போது தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். செங்குன்றம் போகிற வழியில் ஒரு நர்சரியில் புதர் மாதிரி அடர்ந்த ஜேட் ஒன்றை நான் ஆசையாக வாங்கி வந்தேன். வீட்டில் தொட்டி மாற்றும்போது பார்த்தால், வேரே விடாத ஆறு கிளைகளைச் சேர்த்து நெருக்கமாகச் செருகியிருந்தார்கள். ஆறில் நான்கு பிழைத்தது. இருந்தாலும் ஒரு செடியின் விலைக்கு எனக்கு விற்றது ஒரு கட்டுக் குச்சி. அசைத்தால் தண்டு மண்ணோடு சேர்ந்து நிற்க வேண்டும், கையோடு வரக் கூடாது.

கேள்வி: இலை இடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது. வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல் வாங்கி அடிக்கலாமா? வீட்டில் பூனைக்குட்டியும் இருக்கிறது.
வாசகி, எண்ணூர்

பதில்: அது மாவுப்பூச்சி. எண்ணெயும் சோப்பும் ஜேட் இலைக்கு ஒத்துக்கொள்வதில்லை, புள்ளி விழுந்து உதிரும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பூச்சியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள், வாரம் ஒரு முறை, பூச்சி அடங்கும்வரை. உங்கள் பகுதியில் இலைமேல் சாம்பலும் தூசியும் படியும், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பூனை விஷயத்தில் கவனம்: பெரிய இலை கிராசுலா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு, தின்றால் வாந்தி வரும். எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்ன இலைச் செடியில் அந்தப் பயம் இல்லை.

கேள்வி: ஒரே தாய்ச்செடியிலிருந்து இருபது கன்று எடுத்துவிட்டேன். தெருவில் கேட்கிறார்கள். விற்கலாமா? வரி, பதிவு என்று ஏதாவது உண்டா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாக விற்கலாம் அம்மா. செடிக்கும் கிளைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது, செடி மட்டும் விற்பவர் அதற்காகப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. புது இலை விட்டு இரண்டு மாதமாவது ஆன கன்றை மட்டும் கொடுங்கள். தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டி, எந்த ஜேட் என்பதை முழுப் பெயரோடு எழுதுங்கள், தண்ணீர் எப்போது என்பதையும் ஒரு வரி. தண்டையார்பேட்டை வாசகிக்கு அந்தச் சீட்டு கிடைத்திருந்தால் இரண்டு மாதம் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.