வாசகர் கேள்வி: போனது ஒரு கலம், வந்தது வேறு கலம்

கேள்வி (திருச்சி வாசகர்): விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மா 1984-இல் சோவியத் விண்கலமான சோயுஸ் டி-11-இல் கிளம்பி, டி-10-இல் இறங்கினார் என்று படித்தேன். அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. ஏப்ரல் 3 அன்று யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெக்கலோவ் இருவரோடு பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது டி-11-இல். ஏப்ரல் 11 அன்று கசகஸ்தானின் அர்க்கலிக் அருகே மூவரும் இறங்கியது டி-10-இல்.

அவர்கள் போன சல்யூட்-7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் அப்போது கிசிம், சொலொவ்யோவ், அத்கோவ் மூவரும் பல மாதம் தங்கும் பணியில் இருந்தார்கள். பிப்ரவரி 8 அன்று அவர்கள் ஏறிப்போன கலம்தான் டி-10. சோயுஸ் விண்வெளியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்காது. தரைக்குத் திரும்பும் பகுதியைத் திசைதிருப்பும் சிறு உந்துபொறிகள் ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்குபவை. நாள்பட அது தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வீரியம் இழக்கும். அதனால்தான் சில நாள் வந்துபோகிறவர்கள் பழைய கலத்தை எடுத்துக்கொண்டு, புதியதை நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த டி-11-இல் கிசிம் குழு அக்டோபர் 2 அன்று இறங்கியது.

கலம் மாறும்போது மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இருக்கை. ஒவ்வொருவரின் முதுகுக்கும் முன்கூட்டியே பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதே வடிவில் இருக்கைக்கு உள்ளச்சு செய்கிறார்கள். எடையற்ற நிலையில் முதுகெலும்பு சற்று நீளும். ஆகவே தலைப்பக்கம் கொஞ்சம் இடம் விடுவார்கள். இந்த உள்ளச்சைக் கழற்றி அடுத்த கலத்தில் பொருத்தியே ஆகவேண்டும். பாராசூட்டில் இறங்கும் கலம் தரைக்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் அடியிலுள்ள பொறிகள் பற்றியெரிந்து வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடி பலமாகத்தான் விழும். முதுகுக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பரவிப்போக வேண்டிய அதிர்ச்சியை முதுகுத்தண்டு ஓரிடத்தில் வாங்கும். ஆகவே ஒருவரின் உள்ளச்சு எந்தக் கலத்தில் இருக்கிறதோ, ஆபத்து வந்தால் அவர் ஓடவேண்டிய கலமும் அதுவே.

கேள்வி (குன்னூர் வாசகர்): எங்கள் ஊரில் குடியேறிய ராகேஷ் சர்மா, விண்வெளிக்குப் பிறகும் விமானம் ஓட்டினாரா?

பதில்: ஓட்டினார். இதைப் பலரும் பேசாமல் விடுவது எங்களுக்கு வருத்தமே. 1970-இல் விமானப்படை அதிகாரியானவர். 1971 போரில் மிக்-21-இல் 21 முறை பறந்தவர். விங் கமாண்டராக ஓய்வுபெற்று, 1987-இல் விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-இல் சேர்ந்தார். 1992 வரை நாசிக் பிரிவில் தலைமைச் சோதனை விமானி, பிறகு பெங்களூரு.

தொழிற்சாலையில் செய்த போர்விமானத்தைப் படையிடம் ஒப்படைக்குமுன் முதலில் ஓட்டிப் பார்ப்பவர் சோதனை விமானி. சக்கரங்கள் முழுதாக ஏறி இறங்குகின்றனவா, உயரத்தில் ஆஃப்டர்பர்னர் (பொறிக்குக் கூடுதல் உந்துவிசை தரும் பகுதி) உடனே பற்றுகிறதா, கட்டுப்பாட்டுக் கோலைத் தளர்த்தினால் விமானம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக் குறித்துக் கொடுப்பார். குறையைச் சரிசெய்தபின் மறுபடியும் பறக்க வேண்டும். எட்டு நாள் விண்வெளிப் பயணத்துக்கு நிகராக இந்த ஆண்டுகளையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வான நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள்தான். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.