கேள்வி-பதில்: பாலிஷுக்குச் செலவிடும் முன் உப்புத்தாளைச் சரியாக வாங்குங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பல ஆண்டுகளாகக் கிடந்த மூன்றடி உயரப் பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து, நானே கையால் தேய்த்துப் பளபளப்பாக்க முயன்றேன். கடையில் கேட்டபோது 220 எண் உப்புத்தாளும் 1500 எண் வாட்டர் பேப்பரும் ஒரு பாலிஷ் பசையும் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன வரிசையிலேயே இரண்டு நாள் தேய்த்தும், பளபளப்புக்கு அடியில் புகை படிந்தாற்போல ஒரு மங்கலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளும் தெரிகின்றன. இன்னும் விலை கூடிய பசை வாங்க வேண்டுமா, அல்லது எனக்குக் கொடுத்த தாள் போலியா?

பதில்: பசையும் வேண்டாம், தாளின் மீது சந்தேகமும் வேண்டாம். நீங்கள் பார்க்கும் கோடுகள் 220 எண் தாள் போட்டவை. அவற்றை அழிக்க வேண்டிய இடைத் தாள்களை உங்களுக்கு யாரும் விற்கவில்லை, அவ்வளவுதான். தாளின் எண் கூடக் கூட அதில் ஒட்டியிருக்கும் துகள் சிறிதாகும். தாளின் பின்புறம் எண்ணுக்கு முன்னால் 'பி' (P) என்று அச்சிட்டிருக்கும் வரிசையில், 220 எண் தாளின் துகள் சராசரியாக 68 மைக்ரான் இருக்கும்; 1500 எண்ணில் அது 12 அல்லது 13 மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை பெரிய துகள் உழுத பள்ளத்தை இத்தனை சிறிய துகளைக் கொண்டு சமன் செய்ய, இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம் தேய்த்தாலும் போதாது. சிறு துகள் மேடுகளை மட்டும் மினுக்கிவிட்டுப் பள்ளங்களை அப்படியே விட்டுவிடுவதால்தான், பளபளப்பும் மங்கலும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிகின்றன.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளியது: அடுத்த தாளின் துகள், முந்தைய தாளின் துகளில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. அப்படிப் பார்த்தால் உங்களிடம் இல்லாதவை 400, 800 ஆகிய இரண்டு தாள்கள் மட்டுமே. 220, 400, 800, 1500 என்று வரிசை அமைந்துவிட்டால், கையில் இருக்கும் அதே பசையே போதுமானது. பெரிய தாளை நான்காகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் மூன்றாக மடித்துக்கொண்டால் ஒரு தாளே நெடுநேரம் உழைக்கும் என்பதால், எண்ணுக்கு இரண்டு தாளுக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. டஜன் கணக்கில் கட்டாக விற்கும் 'செட்' வாங்குவது வீண். அதில் பாதி மரத்துக்கான தாளாக இருக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதற்கு, கறுப்பு நிறத்தில் வரும் வாட்டர் பேப்பர்தான் வேண்டும், ஏனெனில் சாதாரணத் தாள் நனைந்தவுடன் ஊறிப் பிய்ந்துவிடும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில தாள்களில் 'பி' இருக்கும், சிலவற்றில் வெறும் எண் மட்டும் இருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு அளவு முறைகள். 220 போன்ற சொரசொரப்பான எண்களில் வேறுபாடு பெரிதில்லை. ஆனால் நைசான எண்களில் அது மிக அதிகம்: 'பி' இல்லாத 600 எண் தாள், ஏறத்தாழ 'பி' உள்ள 1200 எண்ணுக்குச் சமம். ஆகவே ஒரு கடையில் 400, மற்றொரு கடையில் 800 என்று வாங்கினால், எண்கள் சரியாக இருந்தும் வரிசை தவறிப்போகலாம். எல்லாத் தாள்களையும் ஒரே தயாரிப்பாளருடையதாக, ஒரே அளவு முறையில் வாங்குங்கள்.

இனி வேலை. விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாளின் பல் அடைத்துக்கொள்ளும். முதலில் வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். நீங்கள் மறுபடியும் 220-இலிருந்து தொடங்க வேண்டியதில்லை, 400-இலிருந்து தொடங்கலாம். தண்டைச் சுற்றி 400 எண்ணால் தேய்த்தால், 800 எண்ணால் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும், பிறகு 1500 எண்ணால் மீண்டும் சுற்றி வர வேண்டும். இப்படித் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கோடு இன்னும் எங்கே மிச்சமிருக்கிறது என்பது குறுக்கே நின்று தானாகவே காட்டிக்கொடுக்கும். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். ஒரு குறுக்குக் கோடு தெரிந்தாலும் அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். முதல் தாளில் மனம் சலிக்கும் அளவுக்கு நேரம் ஆகும், போகப் போகக் குறையும். எண் மாறும்போதெல்லாம் விளக்கையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். பழைய துகள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் 1500-இல் தேய்க்கும்போது நீளமாக ஒரு கீறல் விழும், நீங்கள் மறுபடி 400-க்குத் திரும்ப வேண்டியதாகிவிடும். கடைசல் வளையங்களுக்கு நடுவே விரல் போகாத இடத்தில், தாளை ரிப்பன் போல வெட்டி, இரு முனைகளையும் பிடித்து, தயிர் கடையும் கயிற்றைப் போல முன்னும் பின்னும் இழுங்கள். ஈரமாகத் தேய்ப்பதால் தூள் பறக்காது என்பதும் ஒரு நன்மை. சில வார்ப்புப் பித்தளைகளில் ஈயம் கலந்திருக்கும், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

ஆழமான கரும்புள்ளிகள் இருந்தால் அவற்றை விட்டுவிடும்படியே சொல்வேன். அவை உலோகத்தை அரித்த குழிகள். அவற்றை எடுப்பதென்றால் சுற்றிலும் உள்ள பித்தளையைத் தேய்த்துத் தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் பளபளப்பைக் காக்க லாக்கர் என்ற நிறமற்ற பூச்சை அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். எரியும் விளக்கில் அது சூட்டுக்குக் கருகும்.

கேள்வி: 'பித்தளை விளக்கு' என்று சொல்லி விற்றதை வாங்கி, இரண்டாம் மாதம் கறை எடுக்க நைசான தாளால் தேய்த்தபோது உள்ளே வெள்ளையாக வேறு உலோகம் தெரிகிறது. கடையில் "நீங்கள் தேய்த்ததுதான் தவறு" என்கிறார்கள்.

பதில்: தேய்த்தது தவறான யோசனை என்பதில் அவர்கள் சொல்வது பாதி சரி, முலாம் பூசிய பொருளில் உப்புத்தாள் படவே கூடாது. ஆனால் முலாம் என்று சொல்லாமல் பித்தளை என்று விற்றது அவர்கள் தவறு, அது நீங்கள் தேய்த்ததால் மறைந்துவிடாது. பில்லில் 'பித்தளை' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதையும், தேய்ந்த இடத்தின் படத்தையும் வைத்துக்கொண்டு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பிறகும் தீரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

அடுத்த முறை வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு என்பது உறுதி. ஒட்டாவிட்டால் பித்தளை என்று பொருளல்ல, துத்தநாகக் கலவையும் அலுமினியமும் கூட ஒட்டாது. விளக்கின் பாகங்களைக் கழற்றி மரையைப் பாருங்கள். மாட்டிக் கழற்றித் தேய்ந்த மரையில் முலாம் நிற்காது. அங்கேயும் மஞ்சளாக இருந்தால்தான் முழுப் பித்தளை. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எவர்சில்வர் தொட்டியில் விழுந்த கீறல்களுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. தொட்டியின் பரப்பில் ஒரே திசையில் மெல்லிய இழை ஓடும். அதன் திசையிலேயே, ஒரே எண்ணால், நீளமாக இழுத்துத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கெட்டது. இரும்புக் கம்பி நார் வேண்டாம், அதன் பொடி படிந்த இடம் துருப்பிடித்தாற்போல ஆகும்.

கேள்வி: அம்மாவின் சீர்வரிசை அண்டாவைக் கடையில் பாலிஷுக்குக் கொடுத்தோம். பளபளவென்று வந்தது, ஆனால் அதில் வெட்டியிருந்த பாட்டியின் பெயரில் பாதி எழுத்து காணவில்லை. இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். எழுத்து இருக்கிறது, பத்திரம் என்று கொடுக்கும்போதே சொன்னீர்கள் என்பதற்குச் சீட்டிலோ செய்தியிலோ ஒரு வரி இருந்தால், சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் வலுவாக இருக்கும். சொல்லவில்லையென்றால் பேசித் தீர்ப்பதே நல்லது. இயந்திரச் சக்கரம் உலோகத்தைத் தேய்த்துத்தான் பளபளப்பைக் கொடுக்கிறது. எனவே பாலிஷுக்குக் கொடுக்கும் எந்தப் பாத்திரத்தையும் கடைத் தராசிலேயே நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், திரும்பப் பெறும்போதும் நிறுத்துப் பாருங்கள்.

பெயரைப் பாத்திரக் கடையில் இயந்திரத்தால் மறுபடி வெட்டித் தருவார்கள், ஆனால் அது உளியால் கையால் வெட்டிய அந்த எழுத்தாக இருக்காது. மிச்சமிருக்கும் பாதி எழுத்தை அப்படியே விட்டுவிடும்படிதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. இனி வீட்டிலேயே, வெறும் கறைக்குப் புளியும் உப்பும் போட்டு, ஊறவிடாமல் உடனே கழுவுங்கள். அதிக நேரம் விட்டால் பித்தளையின் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் ஏறிவிடும். கீறல் இருந்தால் மட்டும் 800-இலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன், எழுத்தின் மேல் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிவிட்டு, தாளை எழுத்தை நோக்கித் தள்ளாமல் எழுத்திலிருந்து விலகிப் போகும்படி தேய்த்து வாருங்கள்.