பால்ரஸ் குண்டு மாற்றியும் முன்சக்கரம் ஆடுகிறதா?

கேள்வி: அப்பா ஓட்டிய 22 இன்ச் சைக்கிளை இப்போது நான் ஓட்டுகிறேன். முன்சக்கரம் ஆடியது, கரகரவென்று சத்தமும் வந்தது. கடையில் பால்ரஸ் குண்டு மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் மறுபடி அதே ஆட்டம். நானே பிரித்து மாட்டலாமா? எத்தனை குண்டு, என்ன கிரீஸ்?

பதில்: தாராளமாக மாட்டலாம். ஆனால் புதுக் குண்டு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கோனைத்தான், அதாவது அச்சில் திருகி மாட்டியிருக்கும், குண்டுகள் உருளும் கூம்பு போன்ற பாகத்தை.

சக்கரத்தைக் கழற்றி, அகலமான எவர்சில்வர் தட்டின் மேல் படுக்க வையுங்கள். ஒரு பக்கக் கோனை மட்டும் திருகி எடுத்துவிட்டு அச்சை மெதுவாக உருவினால் குண்டுகள் தட்டில் விழும். எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் ஒட்ட துடையுங்கள். ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) குண்டுகள் உட்காரும் கிண்ணம் போன்ற கப்பையும் மறக்க வேண்டாம்.

இனி கோனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் நல்ல கோன். அந்தத் தடத்தில் பால்பாயின்ட் பேனா முனையை மெல்ல ஓட்டுங்கள். எங்காவது தடுக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழியும் பேனாவுக்குத் தெரிந்துவிடும். குழி விழுந்த கோனில் எவ்வளவு நல்ல குண்டைப் போட்டாலும் வீண்தான். கோன் விலை அதிகமில்லை, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். குழி கப்பில் இருந்தால் ஹப்பையே மாற்ற வேண்டிவரும், அதற்குக் கடைதான் சரி.

இந்த வகை முன்சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 இன்ச், அதாவது ஒன்றரை நூல். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, கால் இன்ச். ஆனாலும் பழைய குண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குவதே நல்லது. நாலைந்து பழைய குண்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று புதுசோடு கலக்காதீர்கள். பழசு கொஞ்சம் தேய்ந்திருக்கும். பாரமெல்லாம் புதுக் குண்டுகள் மேலேயே விழும், அவை சீக்கிரம் உடையும்.

கிரீஸ் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். வண்டிகளுக்குப் போடும் சாதாரண வீல் பேரிங் கிரீஸ் போதும். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. கப் நிறைய கிரீஸ் அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கடைசிக் குண்டு மற்றவற்றின் மேல் ஏறி நின்றால் அதை எடுத்துவிடுங்கள், குண்டுகளுக்கு நடுவே துளி இடைவெளி இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் இறுக்கும் பக்குவம். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். கோனை விரலால் முட்டும்வரை திருகி, சுமார் கால் சுற்று பின்னால் விடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது கோன் சற்று உள்ளே நகரும், அதற்குத்தான் அந்தக் கால் சுற்று. சில சைக்கிளில் லாக் நட்டே இருக்காது, ஃபோர்க்கில் மாட்டும் நட்டுதான் கோனையும் பிடிக்கும். அதனால் ஃபோர்க்கில் முழுதாக இறுக்கிய பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் லூஸ். ஆடவில்லை என்றால் வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை விடுங்கள். வால்வின் கனத்திலேயே சக்கரம் மெல்லக் கீழே வந்து, இப்படியும் அப்படியும் ஊசலாடி நிற்க வேண்டும். பாதியில் கெட்டியாக நின்றுவிட்டால் கோன் டைட், ஒரு இம்மி தளர்த்துங்கள். ஒரே தடவையில் சரியாக அமையாது. எனக்கும் இரண்டு மூன்று தடவை ஆகும்.

புதுக் கோனும் குண்டும் ஓட ஓடக் கொஞ்சம் உட்காரும். ஒரு வாரம் ஓட்டியதும் மறுபடி ரிம்மை ஆட்டிப் பாருங்கள்.