‘எனக்கு என்ன தகுதி இருக்கிறது?’: தன்மதிப்பு பற்றிய கேள்வி பதில்

மாட்டுங்காவில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தன்மதிப்பு பற்றி மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொருந்தக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தில் பெரும்பகுதி, பிறர் நம்மை நடத்திய விதத்தில் உருவானது. அதனால் யாருடைய கண்ணால் கேள்வி கேட்டவர் தன்னைப் பார்க்கிறார் என்பதைத்தான் ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் தேடினேன்.

கேள்வி (தாராவி, வேலை தேடும் பட்டதாரி): அக்கா, நான் 90 அடி சாலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். விண்ணப்பங்களில் முகவரி எழுதும்போது ‘தாராவி’யை விட்டுவிட்டு ‘சயான்’ என்று எழுதுகிறேன். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது தாழ்வு மனப்பான்மையா?

பதில்: தம்பி, முகவரியை மாற்றி எழுதுவதைத் தற்காப்பு என்றுதான் சொல்வேன். தாராவி என்று சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். சார்லஸ் ஹோர்டன் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-இல் இதைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று முதலில் கற்பனை செய்கிறோம். அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்று அடுத்ததாகக் கற்பனை செய்கிறோம். பெருமையோ அவமானமோ அதிலிருந்து பிறக்கிறது. முதல் இரண்டு படிகளும் நம் ஊகம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த ஊகம் சில சமயம் சரியாகவும் இருக்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன். வெறுப்பு உண்மையிலேயே இருக்கிறது.

ஆனால் இகழப்படுகிறவர்கள் எல்லோரும் தங்களையும் இகழ்கிறார்களா? அப்படித்தான் இருக்கும் என்று உளவியலாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். ஜெனிஃபர் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் 1989-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பல இடங்களில் அப்படி இல்லை என்று தெரிந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒருவர் நம்மைப் புறக்கணிக்கும்போது, “இது அவருடைய பாரபட்சம்” என்று அடையாளம் காண முடிகிறவரின் தன்மதிப்பு அவ்வளவு எளிதில் குலைவதில்லை. “என்னிடம்தான் ஏதோ குறை” என்று எடுத்துக்கொள்கிறவர்தான் நொறுங்குகிறார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள் கட்டியெழுப்பிய ஊர் தாராவி. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அவர்களில் ஒருவராக இருந்தால், எப்போது வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வுக்கு நண்பர் ஒருவரை எதிரே உட்கார வைத்து, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற ஒரே கேள்விக்கு, நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையை வைத்தே பதில் சொல்லிப் பழகுங்கள். முகவரியில் எதை எழுதுவது என்பது உங்கள் உரிமை. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

கேள்வி (செம்பூர், இல்லத்தரசி): என் 7 வயது மகள் கறுப்பு நிறம். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அவள் எதிரிலேயே “அம்மா நிறம் வரவில்லையே” என்கிறார்கள். இப்போது அவளே பவுடரை அப்பிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறாள்.

பதில்: இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் இதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை 1940-களிலேயே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் அமெரிக்காவில் காட்டினார்கள். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒரேமாதிரியான பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையிலான குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டதற்குக் கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். “உன்னைப் போல் இருப்பது எது?” என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த ஆய்வும் இடம்பெற்றது.

நம் நாட்டில் 1975-இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுப்பதற்கு 2020 வரை ஆயிற்று. அத்தனை ஆண்டு விளம்பரங்களும் உங்கள் உறவினர்களின் வாயில்தான் பேசுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: மகள் காதில் விழும்படி, அவர்கள் முகத்துக்கு நேராக, “அவள் நிறத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச வேண்டாம்” என்று சொல்லுங்கள். அவர்கள் போன பிறகு தனியாக மகளைச் சமாதானப்படுத்துவது போதாது. தனக்காக அம்மா எழுந்து நின்றதை அவள் பார்க்க வேண்டும்.

கேள்வி (முலுண்ட்): மகனின் தன்னம்பிக்கை வளரட்டும் என்று “நீ பெரிய புத்திசாலி” என்று அடிக்கடி பாராட்டுகிறேன். சரிதானே சார், மேடம் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில்: நோக்கம் நல்லது, சொல்லைக் கொஞ்சம் மாற்றுங்கள். 1998-இல் கிளாடியா மியூல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்ததாக எளிய கணக்குகளைத் தேடினார்கள், தோற்றதும் துவண்டார்கள், தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டியும் சொன்னார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதை விரும்பி எடுத்தார்கள். “இந்தக் கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாயே” என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (நவி மும்பை, மென்பொருள் நிறுவன ஊழியர்): தினமும் கண்ணாடி முன் நின்று “நான் சிறந்தவள்” என்று சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் இன்னும் சோர்வாக இருக்கிறது. கல்லூரித் தோழிகள் இன்ஸ்டாகிராமில் போடும் வெளிநாட்டுப் படங்களும் வதைக்கின்றன.

பதில்: உடனே நிறுத்திவிடுங்கள். கனடாவில் ஜோவன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டபோது மேலும் மனம் தளர்ந்தார்கள். மனம் உள்ளுக்குள் மறுத்துப் பேசத் தொடங்கிவிடுகிறது.

படங்களைப் பொறுத்தவரை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: நாம் சாதித்ததை, நாம் சாதிக்க ஆசைப்பட்டதால் வகுத்தால் வருவதுதான் தன்மதிப்பு. உளவியலில் தன்னைவிட அதிகம் தெரிந்தவரைக் கண்டால் தனக்கு அவமானமாக இருக்கும் என்றும், கிரேக்க மொழி சுத்தமாகத் தெரியாததில் தனக்கு வருத்தமே இல்லை என்றும் அவர் எழுதினார். வெளிநாடு போவது உங்கள் ஆசையா, தோழிகளின் ஆசையா? அதை மட்டும் நேர்மையாக யோசியுங்கள்.

கேள்வி (டோம்பிவிலி): “உனக்கு என்ன தெரியும்” என்று கணவர் பிள்ளைகள் முன்னால் தினமும் மட்டம் தட்டுகிறார். என் தன்மதிப்பை எப்படி உயர்த்திக்கொள்வது அக்கா?

பதில்: அம்மா, இதில் திருந்த வேண்டியவர் நீங்கள் இல்லை. தினமும் அடிபடுகிறவரிடம் வலியைத் தாங்கும் பயிற்சியை நான் சொல்லித்தர மாட்டேன். வாய்ச்சொல்லால் இழிவுபடுத்துவதும் வன்முறைதான் என்று 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். உங்களை மதிக்கிற ஒருவரிடம், அக்காவோ பழைய தோழியோ, வாரம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசுங்கள். அந்த ஒரு தொடர்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அறுந்துபோக விடாதீர்கள்.

கேள்வி (சயான் கோலிவாடா, கல்லூரி மாணவி): எனக்குத் தன்மதிப்பு குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தன்மதிப்பை அளக்க மாரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965-இல் வெளியிட்ட 10 வாக்கியங்கள் இன்றும் பயன்படுகின்றன. “சில நேரங்களில் நான் எதற்குமே லாயக்கில்லை என்று நினைக்கிறேன்” என்பது போன்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். அது நோயைக் கண்டறியும் சோதனை இல்லை, தோராயமான அளவு மட்டுமே. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.