கேள்வி-பதில்: காருக்குள் ஸ்பீக்கர் மாட்டும் முன்

ஆறரை இன்ச் காம்பொனென்ட் செட் (பேஸுக்கு வூஃபர், உச்ச ஒலிக்கு ட்வீட்டர் என்று தனித்தனி ஸ்பீக்கர்) மாட்டிய ஒரே வாரத்தில் ரெண்டு ட்வீட்டரும் போச்சு. "சத்தமா வெச்சிருப்பீங்க" என்கிறார் கடைக்காரர். கூட வந்த கிராஸ்ஓவர் டப்பாக்கள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன. (திருப்பூர்)

உங்கள் மேல் தப்பே இல்லைங்க. பேஸையும் உச்ச ஒலியையும் பிரித்து அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். அது இல்லாமல் நேராகக் கொடுத்தால் பேஸும் ட்வீட்டருக்குள் போகும். அதன் மெல்லிய காயில் கருகிவிடும். பக்கத்துக்கு ஒரு டப்பா. ஆம்பிளிஃபயர் வயர் அதன் 'இன்புட்'டில் ஏற வேண்டும். அங்கிருந்து ஒரு ஜோடி வூஃபருக்கு, ஒரு ஜோடி ட்வீட்டருக்கு. டப்பாவைக் கதவுக்குள் வைக்க விடாதீர்கள், கண்ணாடி இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும். டாஷ்போர்டுக்கு அடியில் வையுங்கள்.

பில், கருகிய ட்வீட்டர், பிரிக்காத டப்பாவின் போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

புது ஸ்பீக்கர், பேஸே இல்லை. (பொள்ளாச்சி)

பேலன்ஸை ஒரே பக்கம் தள்ளிப் பாருங்கள். பேஸ் வந்தால், ஏதோ ஒரு பக்கம் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது.

பேட்டரியிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு இழுக்க, ஆன்லைனில் 4 கேஜ் (வயர் தடிமன்) வயரிங் கிட் ரொம்ப மலிவு. வாங்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். இந்த ஏமாற்று வியாபாரம் எனக்கு ஆகவே ஆகாது. கிணற்று மோட்டாருக்குக் காப்பருக்குப் பதில் அலுமினியம் சுற்றினால் சண்டைக்குப் போகிற ஊர்க்காரர்கள் நாம். கார் வயரில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம். அதே தடிமனில் காப்பரை விடக் கரண்ட் குறைவாகத்தான் தாங்கும். போதாததற்குப் பிளாஸ்டிக் உறை தடிமனாக, உள்ளே கம்பி ஒல்லியாக இருக்கும். நான் வாங்கிய கிட்டும் அதே லட்சணம்தான். நிஜ 4 கேஜ் என்றால் கம்பி மட்டுமே சுமார் 21 சதுர மில்லிமீட்டர். முழுக் காப்பர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பிளிஃபயருக்காக அல்ல. வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. ஆம்பிளிஃபயர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால், பேட்டரியிலிருந்து அதுவரை வருகிற வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (கோபி)

ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து ஓடும்போது உள்ள நிஜ வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

2 சேனல் ஆம்பிளிஃபயரை பிரிட்ஜ் செய்து (ரெண்டு சேனலையும் ஒன்றாக இணைத்து) ரெண்டு பக்க ஸ்பீக்கரையும் அதிலேயே கொடுத்தேன். சூடாகி நின்றுவிடுகிறது. (நாமக்கல்)

4 ஓம் (மின்தடை) செட் ரெண்டைப் பேரலலாகக் கொடுத்தால் மொத்தம் 2 ஓம்தான். பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம் வேண்டும் என்று பெரும்பாலான மேனுவல்களில் தெளிவாக இருக்கும். இத்தனை பணம் போட்டவர் அந்த ஒரு பக்கத்தைப் படிக்கக் கூடாதா? பிரிட்ஜைக் கழற்றி, லெஃப்டுக்கு ஒன்று, ரைட்டுக்கு ஒன்று கொடுங்கள்.

ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் கீச்சென்று சத்தம் ஏறுகிறது. (கரூர்)

முதலில் எர்த்தைப் பாருங்கள். போல்ட் இறங்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டித் தகடு தெரிய வேண்டும்; வயர் அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால், ஸ்டீரியோவிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை பேட்டரி வயரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பிரித்து, வண்டியின் எதிர்ப்பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள்.