படிவமும் முழங்கால் வலியும்

அன்புள்ள டாக்டர்,

குடும்ப மருத்துவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரஷர் மாத்திரையை நோயாளிகள் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் தீசிஸ். போன வாரம் ஒரு அம்மாவிடம் கேள்விப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது நடுவில் அவர் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். படிவம் முடியவில்லை, வெளியே கூட்டம், ‘அடுத்த முறை பார்க்கலாம்மா’ என்றுவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘இதெல்லாம் உங்க படிப்புக்குத்தானே?’ என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து மனது சரியில்லை. ஆராய்ச்சி பெரிய ஆஸ்பத்திரிகளின் வேலை, நம் வேலை ஆளைப் பார்ப்பது என்கிறார் ஒரு சீனியர். அவர் சொல்வதுதான் சரியா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் சீனியர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. முதலில் சீனியர் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

1961ல் கெர் வைட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். வயதுவந்த 1000 பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு உடம்புக்கு ஏதாவது வருகிறது, அவர்களில் 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள், 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர். 40 வருஷம் கழித்து, 2001ல், வேறு குழு மறுபடி கணக்கிட்டபோதும் படம் பெரிதாக மாறவில்லை. நீங்களும் நானும் படித்த பாடப்புத்தகங்களில் பெரும்பகுதி அந்த ஒருவரைப் பார்த்து எழுதப்பட்டது. தலைவலி என்று நரம்பியல் நிபுணரிடம் போய்ச் சேருகிறவர் ஏற்கெனவே இரண்டு மூன்று டாக்டர்கள் பார்த்து வடிகட்டி அனுப்பியவர், நம்மிடம் வருகிறவர் நேரே வீட்டிலிருந்து வருகிறார். வலி ஒன்றாக இருக்கலாம், அதற்குப் பின்னால் பெரிய நோய் இருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. அங்கே கிடைத்த விடையை இங்கே அப்படியே பயன்படுத்தினால் தேவையில்லாத ஸ்கேன்களும் தேவையில்லாத பயமும்தான் மிச்சம். நம் அறையில் வருகிறவர்களைப் பற்றி நாம் கண்டுபிடிக்காவிட்டால் வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் அவர்கள் வேறு யாரிடமும் போவதில்லை.

ஜேம்ஸ் மெக்கன்சியைப் பற்றி வகுப்பில் சொன்னார்களா தெரியவில்லை. இங்கிலாந்தின் பர்ன்லி என்ற நூற்பாலை நகரத்தில் இருபது வருஷத்துக்கும் மேல் சாதாரண ஊர் டாக்டராக இருந்தவர். இதயக் கோளாறு இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அவர் கண்முன்னே பிரசவத்தில் இறந்துபோனார். முன்கூட்டியே இது தெரிந்திருக்க முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. நாடித் துடிப்பைக் காகிதத்தில் வரைகிற கருவியை வைத்துக்கொண்டு, அதே ஆட்களின் துடிப்பை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். துடிப்பு கொஞ்சம் தப்பினாலே ஆளைப் படுக்கையில் போட்டு வேலையை நிறுத்தச் சொன்ன காலம் அது. இடையிடையே ஒரு துடிப்பு கூடுதலாக வருகிற பலர் பத்து வருஷம் கழித்தும் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பதையும், வேறு வகைத் தடுமாற்றம் உள்ளவர்கள்தான் மோசமாவதையும் அவர் பிரித்துக் காட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் இது அவருக்குக் கிடைத்திருக்காது. அங்கே நோயாளி வந்து போகிறவர். இவரிடம் அதே ஆள் அடுத்த வருஷமும் வந்தார், அதற்கடுத்த வருஷமும் வந்தார்.

சரி, இப்போது அந்த அம்மாவுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது ஒன்று உறைத்தது. பிரஷர் மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஏன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்? பேச்சை மாற்றினார் என்று நீங்கள் நினைத்தீர்கள். எனக்கு அவர் உங்கள் கேள்விக்கே பதில் சொல்லத் தொடங்கினார் என்று தோன்றுகிறது. முழங்கால் வலிக்கு ஆட்கள் என்ன செய்வார்கள்? கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பல பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் மட்டுப்படுத்தும், சிலவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, எதற்குப் போட வேண்டும் என்று நிறுத்தியிருக்கலாம். தினமும் ஏற்கெனவே இத்தனை மாத்திரை என்று, வலிக்காததை விட்டுவிட்டு வலிப்பதற்கு மட்டும் போட்டிருக்கலாம். பிரஷர் வலிக்காது, முழங்கால் வலிக்கும். இது என் ஊகம்தான், அவரைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் உங்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா? பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வழிகாட்டியிடம் பேசி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சேருங்கள். கொஞ்சம் அலைச்சல்தான், பரவாயில்லை.

குடும்ப மருத்துவத்தில் ஆராய்ச்சியும் கவனிப்பும் ஒன்றின் நேரத்தை ஒன்று தின்பதாக நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். ஜூலியன் டியூடர் ஹார்ட் வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் டாக்டராக இருந்து, தன்னிடம் பதிவு செய்த பெரியவர்கள் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார், எந்தத் தொந்தரவும் இல்லை என்று வராதவர்களையும் விடவில்லை. அந்த எண்கள் ஆராய்ச்சிக் கட்டுரை ஆயின. ஆனால் கட்டுரை வருவதற்கு முன்பே, அளக்கப்பட்டவருக்குத் தன் பிரஷர் தெரிந்துவிட்டது, தேவைப்பட்டவருக்கு மருந்தும் தொடங்கிவிட்டது.

என் அனுபவம் ஒன்று. சர்க்கரை நோயாளிகள் எல்லாருடைய பாதத்தையும் நான் பார்த்துவிடுகிறேன் என்று பல வருஷம் உறுதியாக நம்பியிருந்தேன். ஒரு மாதக் கேஸ் ஷீட்களை உட்கார்ந்து எண்ணினேன். பாதிப் பேருக்குக்கூடப் பார்க்கவில்லை. யாரை விட்டிருக்கிறேன் என்று பார்த்தால், குனிந்து செருப்பைக் கழற்ற நேரமாகிற வயதானவர்களை. பார்த்தே ஆக வேண்டியவர்கள் அவர்கள்தான். அன்று மிகவும் வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம், உள்ளே வருவதற்கு முன்பே நர்ஸ் செருப்பையும் சாக்ஸையும் கழற்ற உதவிவிடுவார். யாரும் இதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள், போட வேண்டியதும் இல்லை. எண்ணியிராவிட்டால் இன்றும் அப்படியேதான் நம்பிக்கொண்டிருப்பேன்.

‘உங்க படிப்புக்குத்தானே’ என்று அவர் கேட்டதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டரே படிவத்தை நீட்டினால் நோயாளிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டம். அடுத்த முறை சரியாகப் பார்ப்பாரோ மாட்டாரோ என்ற பயம் இருக்கும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான நெறிமுறையாக உலக மருத்துவ சங்கம் 1964ல் கொண்டுவந்த ஹெல்சிங்கி பிரகடனம், பிற்பாடு வந்த திருத்தங்களில் இதைத் தனியாகவே சொல்கிறது: நோயாளி டாக்டரைச் சார்ந்திருக்கும் நிலையில், அந்த உறவுக்கு வெளியே உள்ள, தகுதியான ஒருவர் ஒப்புதல் கேட்க வேண்டும். உங்களோடு படிக்கிறவர் உங்கள் நோயாளிகளிடம் கேட்கட்டும், அவருடைய நோயாளிகளிடம் நீங்கள் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் வைத்தியத்தில் ஒன்றும் குறையாது என்பதைப் படிவத்தில் அச்சடித்தால் மட்டும் போதாது, வாயால் சொல்ல வேண்டும். அப்புறம், கேள்விகளை வைத்தியம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வந்த காரியம் முடிந்தவர் நிதானமாகப் பேசுவார், நீங்கள் கேட்காததையும் சொல்வார்.

அந்த அம்மா அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஃபாலோ-அப் என்று சொல்லி இந்த வாரமே கூப்பிடுங்கள், படிவத்தை மேசைமேல் வைக்காதீர்கள். முழங்காலைப் பாருங்கள். வலிக்கு என்ன போடுகிறார் என்று கேளுங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.