கேள்வி பதில்: எட்டு மணி நேரம் கேட்டாங்க, லைப்ரரி கிடைச்சுது

போன இதழ்ல மே தினம் சிகாகோவுல பொறந்ததுன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அதப் பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விங்களே ஒரு கட்டு சேந்துருச்சு. அதனால இந்தத் தடவ சினிமா, அரசியல் எல்லாம் ஓரமா இருக்கட்டும், முழுக்க 1880, 90கள்ல இருந்த அமெரிக்காதான்.

மே தினம் அமெரிக்காவுல பொறந்துச்சுங்கறீங்க. நியூ ஜெர்சியில இருக்குற என் பையன் மே 1 அன்னிக்கு ஆபீஸ் போறான், செப்டம்பர்லதான் லேபர் டே லீவுங்கறான். யார் சொல்றது சரி? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ரெண்டு பேரும் சொல்றது சரிதான் சார். 1886 மே 1 அன்னிக்கு எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுக்க மூணு லட்சம் பேருக்கு மேல வேலைய நிறுத்தினாங்க, அதுல சிகாகோதான் முன்னாடி நின்னுச்சு. மே 3 அங்க மெக்கார்மிக்னு ஒரு அறுவடை மெஷின் ஃபேக்டரி வாசல்ல போலீஸ் சுட்டு தொழிலாளிங்க செத்தாங்க. அதக் கண்டிச்சு மறுநாள் ராத்திரி ஹேமார்க்கெட் சதுக்கத்துல கூட்டம். மேயரே வந்து பாத்துட்டு பிரச்சனை ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்குப் போயிட்டாரு, மழை வேற வர்ற மாதிரி இருந்ததால ஜனமும் கலைய ஆரம்பிச்சிருச்சு, அந்த நேரம் பாத்து போலீஸ் படையா வந்து கலைஞ்சு போங்கன்னு சொல்ல, யாரோ ஒருத்தன் குண்ட வீசிட்டான். 7 போலீஸ்காரங்க செத்தாங்க. வீசினவன் யாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது. ஆனா 8 பேர் மேல கேஸ் போட்டு, அவங்க பேசினதையும் எழுதினதையும் வச்சே தண்டனை குடுத்துட்டாங்க. 1887 நவம்பர் 11 அன்னிக்கு 4 பேருக்குத் தூக்கு, ஒருத்தர் அதுக்கு முந்தின நாள் ஜெயில்லயே உயிர மாய்ச்சுக்கிட்டாரு. மிச்சம் இருந்த 3 பேர 1893ல சிகாகோ இருக்குற இல்லினாய் மாநிலத்தோட கவர்னர் ஆல்ட்கெல்ட் விடுதலை பண்ணாரு, விசாரணையே ஒழுங்கா நடக்கலன்னு எழுத்துலயே போட்டு. அதுக்கு அவர் வாங்கின திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல, அடுத்த எலெக்‌ஷன்ல தோத்தும் போனாரு.

1889ல பாரிஸ்ல கூடின சோஷலிஸ்ட் மாநாடுதான் மே 1ஐ உலகத்துக்கே பொதுவாக்குச்சு. நம்ம சென்னையில 1923ல சிங்காரவேலர் கொடி ஏத்துனதும் அந்த வழியில வந்ததுதான். அமெரிக்க அரசாங்கத்துக்கு அந்தத் தேதியே ஆகல. செப்டம்பர் ஊர்வலம் ஏற்கெனவே 1882லயே நியூயார்க் யூனியன்காரங்க ஆரம்பிச்சு வச்சது இருந்துச்சு, அத எடுத்து 1894 ஜூன் 28 அன்னிக்கு ஜனாதிபதி கிளீவ்லண்ட் லீவாக்கிக் கையெழுத்துப் போட்டாரு. ஒரு வாரம் கூட ஆகல, அதே மனுஷன் சிகாகோ ரயில்வே ஸ்ட்ரைக்க உடைக்க ராணுவத்த அனுப்பிட்டாரு. அந்தக் கதை கீழ திருப்பூர்க்காரர் கேள்வியில வருது.

ஆண்ட்ரூ கார்னகி ஊருக்கு ஊர் லைப்ரரி கட்டிக் குடுத்தார்னு படிச்சேன். அப்படிப்பட்ட மனுஷன தொழிலாளர் விரோதின்னு ஏன் எழுதறாங்க? (கல்லூரி மாணவி, மதுரை)

லைப்ரரி கட்டினது நிஜம்தாம்மா, 2,500க்கும் மேல. இவர் கட்டடத்துக்குப் பணம் குடுப்பாரு, இடமும் வருஷா வருஷம் பராமரிப்புச் செலவும் அந்தந்த ஊர் பாத்துக்கணும், அதுதான் கண்டிஷன். ஆனா ஆள் எங்க இருந்து வந்தார்னு முதல்ல பாரு. ஸ்காட்லாந்துல டன்ஃபர்ம்லின்ங்கற ஊர்ல அப்பா கைத்தறி நெசவாளி, நீராவித் தறி வந்ததும் பிழைப்பு போயி 1848ல குடும்பத்தோட கப்பல் ஏறினாங்க. பையனுக்கு பஞ்சு மில்லுல நூல்கட்டை எடுத்துக் குடுக்குற வேலை, வாரம் 1 டாலர் 20 செண்ட், வயசு 13. அந்தப் பையன்தான் பின்னாடி ஸ்டீல் ராஜா.

இப்ப 1892க்கு வா. பிட்ஸ்பர்க் பக்கத்துல ஹோம்ஸ்டெட்னு ஊரு, அங்க கார்னகியோட ஸ்டீல் மில். உலைக்கு முன்னாடி 12 மணி நேர ஷிப்ட், அதுவும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் மாறுறப்ப ஒரே மூச்சுல 24 மணி நேரம் நிக்கணும். யூனியனோட ஒப்பந்தம் ஜூன் மாசக் கடைசியில முடியுது. முதலாளி என்ன பண்ணாரு? ஸ்காட்லாந்துக்கு கிளம்பிப் போயிட்டாரு. மேனேஜர் ஹென்றி ஃப்ரிக் கிட்ட எல்லாத்தையும் விட்டுட்டு. ஃப்ரிக் மில்லச் சுத்தி உயரமா பலகை வேலி போட்டு அது மேல முள்கம்பியும் இழுத்துட்டாரு, தொழிலாளிங்க அதுக்கு ஃப்ரிக் கோட்டைன்னு பேரே வச்சாங்க. அப்புறம் கதவடைப்பு.

ஜூலை 6 விடியக் காலையில மொனொங்கஹேலா ஆத்துல ரெண்டு பெரிய படகுல 300 பேர் வந்து இறங்கப் பாத்தாங்க, பிங்கர்ட்டன் ஆளுங்க. பேரு என்னமோ துப்பறியும் கம்பெனி, ஸ்ட்ரைக் நடக்குற இடத்துக்கெல்லாம் வாடகைக்கு அடியாள் அனுப்புறதுல அவங்களுக்கு நல்ல வியாபாரம். சங்கு ஊதி ஊரே கரைக்கு ஓடி வந்துச்சு, பொம்பளைங்க புள்ளைங்க உட்பட. பகல் முழுக்கத் துப்பாக்கிச் சண்டை, மரக்கட்டை மிதவையில எண்ணெய ஊத்திக் கொளுத்தி படகுமேல தள்ளி விட்டாங்க, டைனமைட் எறிஞ்சாங்க. சாயங்காலம் படகுல இருந்து வெள்ளைக்கொடி. சரணடைஞ்சு கரைக்கு வந்தவங்கள ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு அடிச்ச அடியில தப்பிச்சவன் ரொம்பக் கம்மி. ரெண்டு பக்கமும் சேத்து பத்துப் பேர் வரைக்கும் செத்தாங்க. அன்னிக்கு ஜெயிச்சது தொழிலாளிங்கதான், ஆனா ஒரு வாரத்துக்குள்ள பென்சில்வேனியா மாநில கவர்னர் 8,500 பேர் கொண்ட மாநிலப் படைய அனுப்ப, அந்தப் பாதுகாப்புல கருங்காலிங்கள உள்ள விட்டு மில்ல ஓட்ட ஆரம்பிச்சாங்க, நவம்பர்ல ஸ்ட்ரைக் படுத்துருச்சு. அந்த மில்லுக்குள்ள மறுபடி யூனியன் கால் வைக்க 1930கள் வரைக்கும் ஆச்சு.

1898ல அதே ஹோம்ஸ்டெட்டுக்கு ஒரு லைப்ரரி கட்டிக் குடுத்தாரு கார்னகி. பாட்டுக் கச்சேரி ஹால், நீச்சல் குளம் எல்லாம் வச்சு, இன்னிக்கும் நிக்குது. 12 மணி நேரம் உலைச் சூட்டுல வெந்துட்டு வர்றவன் எந்த நேரத்துல வந்து படிப்பான்னு மட்டும் யாரும் கேக்கல. 1901ல மொத்தக் கம்பெனியையும் 48 கோடி டாலருக்கு பெரிய பேங்கர் ஜே.பி. மார்கன் கோஷ்டிக்கு வித்தாரு. எனக்கு லைப்ரரின்னா உயிரு, கட்டினவர திட்ட மனசு வராது, ஆனா அந்தப் பணத்துல அந்தத் தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியும் சேந்துதான் இருந்துச்சு. கூலியா குடுத்திருந்தா அவன் இஷ்டத்துக்கு புஸ்தகமோ புள்ளைக்கு செருப்போ வாங்கியிருப்பான். எது வேணும்னு முடிவு பண்ற உரிமைய முதலாளியே வச்சுக்கிட்டாருங்கறதுதான் என் வருத்தம்.

ஒரே நாட்டுல ஏன் சார் நாலு டைம்? (பத்தாம் வகுப்பு மாணவர், சேலம்)

ரயில் கம்பெனிங்க பண்ண வேலை தம்பி. அதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் சூரியன் உச்சிக்கு வந்தாதான் மணி 12, அதனால ஒரே ஸ்டேஷன்ல மூணு நாலு கடிகாரம் தொங்கும், ஒண்ணுக்கொண்ணு சேராது, ரயில் டைம் டேபிள் போடுறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். 1883 நவம்பர் 18, ஞாயித்துக்கிழமை, ரயில் கம்பெனிங்களே கூடிப் பேசி நாட்ட மண்டலம் மண்டலமாப் பிரிச்சு கடிகாரத்த மாத்திட்டாங்க, நியூயார்க்காரங்க 4 நிமிஷம் பின்னாடி போனாங்க. கவர்மெண்ட் அத சட்டமாக்கினது 1918லதான், 35 வருஷம் கழிச்சு. நாட்டோட மணியையே தனியார் கம்பெனி மாத்துதுன்னா அவங்க கை எவ்ளோ நீளமா இருந்திருக்கும் பாத்துக்க.

எங்க கம்பெனியே ரூம், மெஸ் எல்லாம் குடுத்து சம்பளத்துல பிடிச்சுக்குது. அமெரிக்காவுலயும் இப்படி இருந்துச்சா? (பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்)

இருந்துச்சாவா, ஒரு ஊரே இருந்துச்சு. ஜார்ஜ் புல்மேன், படுத்துக்கிட்டுப் போற சொகுசு ரயில் பெட்டி செய்யுறவரு, 1880கள்ல சிகாகோவுக்குத் தெக்க தன் பேர்லயே ஒரு ஊரக் கட்டினாரு. செங்கல் வீடு, வீட்டுக்குள்ள தண்ணிக் குழாய், கேஸ் விளக்கு, சாக்கடை, பூங்கா, தியேட்டர், அந்தக் காலத்துக்கு அதெல்லாம் பெரிய விஷயம், வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஆனா எந்த வீட்டையும் விலைக்கு வாங்க முடியாது, வாடகைதான். லைப்ரரிக்கு சந்தா கட்டணும். சாராயக்கடை கிடையாது, விருந்தாளிங்க தங்குற ஹோட்டல்ல மட்டும் பார் உண்டு. சர்ச்சுக்குக் கூட வாடகை, அது அதிகம்னு ஒரு சபையும் எடுக்காம கட்டடம் ரொம்ப நாள் பூட்டியே கிடந்துச்சு. சாமிகிட்டயே வாடகை கேட்ட ஆளு!

1893ல பெரிய பொருளாதாரச் சரிவு, பேங்குங்க வரிசையா மூடுது, ரயில் பெட்டி ஆர்டரும் நின்னு போச்சு. புல்மேன் சம்பளத்துல கால்வாசி அளவுக்கு வெட்டினாரு, சில பேருக்கு அதுக்கும் மேல. வாடகையில ஒரு செண்ட் கூடக் குறைக்கல. ஏன்னு கேட்டா, சம்பளம் குடுக்குற கம்பெனி வேற, வீட்டுக்கார கம்பெனி வேறங்கற மாதிரி பதில். ஷேர்ஹோல்டருங்களுக்கு டிவிடெண்ட் மட்டும் குறையாமப் போச்சு. வாடகை போக கைக்கு வந்தது சில செண்ட்டுன்னு நின்னவங்க உண்டு. குறை சொல்லப் போன குழுவுல மூணு பேருக்கு வேலை போச்சு, மறுநாள், 1894 மே 11, ஸ்ட்ரைக்.

அப்ப யூஜின் டெப்ஸ்னு ஒருத்தர் ரயில்வே தொழிலாளிங்க எல்லாரையும் சேத்து புதுசா ஒரு யூனியன் நடத்திக்கிட்டு இருந்தாரு. புல்மேன் பெட்டி கோத்த ரயில இனிமே தொட மாட்டோம்னு அவங்க ஜூன் 26ல இருந்து முடிவெடுக்க, 27 மாநிலத்துல ரெண்டரை லட்சம் பேர் இறங்கிட்டாங்க, சிகாகோ வழியா ரயிலே ஓடல. முதலாளிங்க தபால் பெட்டியோட புல்மேன் பெட்டியையும் சேத்துக் கோத்து விட்டாங்க, இதத் தொடலன்னா தபால மறிச்ச குத்தம். மத்திய அரசாங்கமே கோர்ட்டுல ஸ்ட்ரைக்குக்குத் தடை உத்தரவு வாங்குச்சு. கவர்னர் ஆல்ட்கெல்ட், மேல தூக்குக் கேஸ்ல வந்தாரே அவரேதான், ராணுவம் வேணாம், திரும்பக் கூப்பிடுங்கன்னு எழுதியும் ஜனாதிபதி கிளீவ்லண்ட் கேக்கல. ஜூலை 4, அவங்க சுதந்திர தினத்தன்னிக்கு சிகாகோ தெருவுல பட்டாளம் நின்னுச்சு. நிறைய பேர் செத்தாங்க, டெப்ஸ் கோர்ட் உத்தரவ மீறினார்னு 6 மாசம் உள்ள. வெளிய வந்தவர் சோஷலிஸ்ட் ஆகி ஜனாதிபதி தேர்தல்ல 5 தடவ நின்னாரு.

புல்மேன் 1897ல செத்தாரு. சமாதிய யாராவது தோண்டிருவாங்கன்னு பயந்து ஈயத் தகடு பதிச்ச பெட்டி, சுத்தி கான்கிரீட், அது மேல தண்டவாளக் கம்பி வரிசையா அடுக்கித்தான் மூடினாங்க. அடுத்த வருஷமே இல்லினாய் சுப்ரீம் கோர்ட், கம்பெனிக்கு ஊர் நடத்துற அதிகாரம் கிடையாது, வீடுகள வித்துருன்னு சொல்லிருச்சு. உங்க கேஸுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: பிடித்தம் எதுக்கு எவ்ளோன்னு சம்பளச் சீட்டுல தனித்தனியா எழுதி வாங்குங்க.

யூனியன்காரங்க எல்லாத் தொழிலாளியையும் சமமா நடத்தினாங்களா? (வாசகர், தூத்துக்குடி)

இல்லைங்க. டெப்ஸோட யூனியன்லயே வெள்ளைக்காரங்க மட்டும்தான், கறுப்பர்களச் சேக்கலாமான்னு அதே 1894ல ஓட்டுக்கு விட்டு கொஞ்ச வித்தியாசத்துல வேணாம்னு முடிவாச்சு. டெப்ஸே சேக்கணும்னுதான் பேசினாரு, எடுபடல. இத்தனைக்கும் புல்மேன் பெட்டிக்குள்ள படுக்கை விரிச்சு, ஷூ தொடச்சு, டிப்ஸ்ல பிழைச்சது கறுப்பு ஆளுங்கதான், பயணிங்க அவங்க சொந்தப் பேரக் கூடக் கேக்காம முதலாளி பேர வச்சு ஜார்ஜ்னு கூப்பிடுவாங்க. அவங்களுக்குன்னு யூனியன் 1925லதான் வந்துச்சு, கம்பெனி ஒப்பந்தம் போட்டது 1937ல.

சீனாக்காரங்க நிலைமை இன்னும் மோசம். மலையக் குடைஞ்சு ரயில் பாதை போட்டவங்க அவங்க, 1882ல அவங்க உள்ள வரக்கூடாதுன்னே சட்டம், அதுக்கு முழு மூச்சா நின்னதுல யூனியனுங்களும் உண்டு. 1885ல வயோமிங்ல ராக் ஸ்ப்ரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துல வெள்ளைக்காரத் தொழிலாளிங்களே 28 சீனத் தொழிலாளிங்களக் கொன்னு குடிசையக் கொளுத்தினாங்க, ஒருத்தருக்கும் தண்டனை கிடையாது. மே தினத்துக்கு ஒரு வருஷம் கூட முந்தி இல்ல. கம்பெனி கம்மிக் கூலிக்கு ஆள் வச்சதுக்கு அந்த ஆளையே அடிக்கிறது நம்ம ஊர்லயும் நடக்குற கூத்துதான்.

பசங்களையும் வேலைக்கு வச்சாங்களாமே? (இல்லத்தரசி, ஈரோடு)

1900 கணக்கெடுப்புல 10ல இருந்து 15 வயசு வரைக்கும் வேலை பாத்த பசங்க 17 லட்சத்துக்கும் மேலங்க. பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துல சின்னப் பசங்கள சரிவான தொட்டி மேல பலகையில வரிசையா உக்கார வச்சு, கால் இடுக்குல ஓடுற கரியில இருந்து கல்லப் பொறுக்கச் சொல்லுவாங்க. கை வழுக்கும்னு கையுறை போட விட மாட்டாங்க, விரல் வீங்கி வெடிச்சு ரத்தம் வரும், தூசியில பக்கத்துப் பையன் முகம் கூடத் தெரியாது. நாடு முழுக்கச் செல்லுபடியாகுற மாதிரி இதத் தடுத்த சட்டம் நின்னது 1938லதான், முன்னாடி போட்ட ரெண்டு சட்டத்த அவங்க சுப்ரீம் கோர்ட்டே அடிச்சுருச்சு.

கடைசியில அந்த எட்டு மணி நேரம் கிடைச்சுதா இல்லையா? (வாசகர், ராணிப்பேட்டை)

தவணை முறையில. ரயில்வேக்கு 1916, ஸ்டீல் மில்லுக்கு 1923. வாரத்துக்கு இத்தன மணி நேரம், அதுக்கு மேல ஓவர்டைம்னு பொதுவா வந்தது மேல சொன்ன அதே 1938 சட்டத்துல. அதுலயும் வயல் வேலை, வீட்டு வேலை செய்யுறவங்களச் சேக்கல.